கோமளத்துக்கு எந்தக் கதவு திறக்கும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும், ஆறு புத்தகத் துப்பறியும் தொடருக்கான கதைக் குறிப்பையும் படித்தேன். நடை ஓடுகிறது. கதாநாயகிதான் இன்னும் பிறக்கவில்லை. புத்திசாலி, துணிச்சல்காரி, நாலு பாஷை தெரியும், குதிரை ஓட்டுவாள்... இதெல்லாம் எந்த ஊரிலும் எந்த வருஷத்திலும் செல்லும். நீயோ 1921, மெட்ராஸ் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாய். அந்த வருஷம் அவளை எங்கே விடும், எங்கே விடாது என்பதிலிருந்து தொடங்கு. திறமையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

பேரை உடனே மாற்று. 1895-ல் பிறந்த பெண்ணுக்கு யாழினி என்று யார் பேர் வைத்திருப்பார்கள்? கோமளம், அலமேலு, செங்கமலம் என்று ஏதாவது பார். இங்கே கோமளம் என்றே எழுதுகிறேன்.

அவளைப் பத்திரிகைக்காரி ஆக்கியிருக்கிறாய். ஒரு புத்தகத்துக்குத் தாங்கும், ஆறுக்குத் தாங்காது. ஒவ்வொரு சாவின் பக்கத்திலும் தற்செயலாக வந்து நின்றால் மூன்றாவது புத்தகத்தில் வாசகருக்கு அவள் மேலேயே சந்தேகம் வரும். சாவு அவளைத் தேடி வருகிற தொழில் வேண்டும். போலீஸ்காரர் நுழைய முடியாத இடத்துக்குள் அந்தத் தொழில் அவளைக் கொண்டுபோக வேண்டும். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியை நினைத்துப் பார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்காக 1885-ல் தொடங்கியது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அங்கே படித்து முடித்தது 1912-ல். ஆகவே 1918-ல் படிப்பை முடித்த கோமளம் அதிசயமில்லை, அபூர்வம். அந்த அளவு போதும். முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கையை மட்டும் எடுத்து இவளுக்குப் போர்த்தாதே. நிஜ மனிதர்கள் கதையில் குறுக்கே நடந்து போகட்டும், துப்பு கொடுக்க வேண்டாம்.

டாக்டராக்கினால் துப்பும் அவள் தொழிலிலிருந்தே வரும். வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக் விஷம்) தின்றவரின் வாந்தியும் பேதியும் காலரா மாதிரியே இருக்கும், அதனால்தான் கொலைகாரர்களுக்கு அது பிடித்தது. வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. காலராவில் முதலில் பேதி, பிறகு வாந்தி. பாஷாணத்தில் முதலில் தொண்டை எரிச்சல், பிறகு வாந்தி, அதற்கப்புறம்தான் பேதி. இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவே மாட்டார். கோமளம் நோயாளியின் நாத்தனாரிடம் கேட்கும் முதல் கேள்வியே "எது முதல்ல வந்துது?" என்பதாக இருக்கட்டும். நோயாளி வீட்டில் உருது பேசுவார்கள் என்று வை, கோமளத்துக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆயா மொழிபெயர்க்கிறாள், வரிசையை மாற்றிச் சொல்லிவிடுகிறாள். நாலு பாஷை தெரிந்தவளாக நீ வைத்திருந்தால் இந்த முடிச்சு கிடைக்காது.

உடம்பு இல்லாமல் நிரூபணம் இல்லை, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். இந்து வீட்டில் பெரும்பாலும் அன்றைக்கே எரித்துவிடுவார்கள். முதல் புத்தகத்தை முஸ்லிம் வீட்டில் வைத்தால், புதைத்த உடலைத் தோண்டிப் பரிசோதிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176-ம் பிரிவில் இருக்கிறது. பாஷாணம் தலைமுடியிலும் நகத்திலும் தங்கும், மாதங்கள் கழித்தும் அகப்படும். இரைப்பையும் ஈரலும் அரசாங்க ரசாயனப் பரிசோதகரிடம் போகும். அந்தக் கூடம் மெட்ராஸில் 1849-லேயே வந்துவிட்டது. விஷம் எந்தக் கடையில் வாங்கப்பட்டது என்பதையும் யோசி. அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு 1904-லேயே வந்துவிட்டது, 1919-ல் புதுச் சட்டம்.

கடைசி அத்தியாயத்தில் உன் கொலைகாரன் இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அப்போதிருந்த 1872 சாட்சியச் சட்டம் 25-ம் பிரிவின்படி அது கோர்ட்டில் செல்லாது. மாஜிஸ்திரேட் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவன் வாயைத் திறக்காமலே மாட்டிக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

கல்யாண விஷயம். கோமளத்தைக் கைம்பெண்ணாக வை, ஆனால் பரிதாபத்துக்காக அல்ல. 1856 மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் வழியில் வந்த சொத்து, ஜீவனாம்சம் இரண்டையும் பறித்தது. மாமனார் வீட்டார் அவளை வேவு பார்க்க இது ஒன்றே போதும். யாரோ ஒருவர் மேல் அவளுக்கு மனசு போகிறது என்று எழுதினாலும், ஆறு புத்தகம் வரைக்கும் அது கல்யாணத்தில் முடியாமலிருக்கக் காரணம் தேட வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம்: தேதி, அவள் வயசு, சம்பளம், கடன், உடம்பில் பட்ட காயம், அவள் ரகசியம் யாருக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு ஒரு வழக்கு வைத்தால் 1921 செப்டம்பரில் தொடங்கி 1923 மே மாதம் ஆறாவது வரும். முதல் வழக்கின்போது பின்னி ஆலை வேலைநிறுத்தம், போலீஸ் முழுக்கப் புளியந்தோப்பில். ஒரு கோஷா வீட்டுச் சாவை யார் கவனிப்பார்கள்? இரண்டாவதில் வேல்ஸ் இளவரசர் வருகிறார், 1922 ஜனவரி 13. அன்று பௌர்ணமி. நீ அந்த ராத்திரி ஒருவனைக் கும்மிருட்டில் தப்பவிட்டிருக்கிறாய், மாற்று. பழைய பஞ்சாங்கம் பார்க்காமல் எந்த ராத்திரியையும் எழுதாதே. சட்டம் படித்த தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள். பெண்கள் வக்கீலாகப் பதிவு செய்யத் தடையில்லை என்ற சட்டம் 1923-ல்தான் வந்தது. அந்தத் தோழி ஐந்து புத்தகம் வரை கோர்ட்டுக்கு வெளியே நிற்கட்டும், ஆறாவதில் உள்ளே போகட்டும்.

தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறாளே, அது 1931-ல் வந்தது. ஊருக்குள் போக டிராமில் ஏற்று, அது 1895-லேயே வந்துவிட்டது, ஆனால் தாம்பரம் வரை போகாது. தெரு, கடை விவரமெல்லாம் அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்ற அந்தக் கால ஊர்க் கையேட்டில் வருஷவாரியாகக் கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்கார். கன்னிமாராவிலும் கேட்டுப் பார்.

அடுத்த தடவை அத்தியாயம் வேண்டாம், அந்த நோட்டின் முதல் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா