குளக்கரை ஆவாரையைக் காப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நடைப்பயிற்சிக் கட்டுரை பயனுள்ளது. அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நடக்கிற வழியில் ஏதாவது ஒரு பூவின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அதற்கு ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் கொங்குப் பகுதியில் குளக்கரைக்குக் குளக்கரை ஆவாரஞ்செடி நிற்கிறது.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைப் பறிக்காத வீடு இங்கே குறைவு. செடியில் இருக்கும்போது அதை உற்றுப் பார்ப்பவர்களும் குறைவுதான். ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தாள்கள், சில குட்டையாகவும் சில நீண்டு வளைந்தும் இருக்கும். சூல்தண்டு ஒரு பூவில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இன்னொன்றில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் தொட்டவுடன் உதிராது. மகரந்தப் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும்.

காலையில் கருவண்டு வரும்வரை காத்திருங்கள். அது பூவை இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கையில் கேட்ட ரீங்காரம் நின்றுபோய், அதைவிடக் கூரிய ஒலி விட்டுவிட்டு எழும். அந்த அதிர்வில்தான் தூள் பீறிட்டு அதன்மேல் படிகிறது. ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு செடியைப் பார்க்காமலே, ஒலியை வைத்தே வண்டு பூவில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் இலைகளில் முட்டையிடுவதையும் அங்கேயே பார்க்கலாம். காதலை ஊரறியச் சொல்லப் பனைமடல் குதிரையில் ஏறிய, அதாவது மடலேறப் புறப்பட்ட, சங்கக் காதலன் எருக்கோடு சேர்த்துச் சூடியதும் ஆவிரை என்று அன்று சொன்ன இந்த ஆவாரையைத்தான்.

இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளக்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி வைத்துக் கரை முழுவதையும் வழித்துவிட்டார்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கட்டும், அது அவசியமான வேலை. பூத்து நின்ற ஆவாரையும் தும்பையும் என்ன செய்தன? மனம் பொறுக்கவில்லை.

உள்ளாட்சி அமைப்புகள் கரையில் இயந்திரத்தை இறக்குமுன் செடி கொடி தெரிந்த ஒருவரை அழைத்துவந்து, விட்டுவைக்க வேண்டியவற்றில் சிவப்புத் துணி கட்டச் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கே இதெல்லாம் அத்துப்படி. அரை நாள் வேலை. தங்கள் இதழ் இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி