ரன்தம்போர் காட்டுக்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

புலிகளைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஃபதே சிங் ரத்தோர் ஞாபகம் வரும். அகன்ற தொப்பியும் பெரிய மீசையுமாக, ராஜஸ்தானின் ரன்தம்போர் காட்டைக் கட்டிக்காத்த வன அதிகாரி. 1981-ல் ஊர்க்காரர்கள் அடித்த அடியில் எலும்புகள் முறிந்து, உயிர் பிழைத்ததே பெரிது. குணமானதும் அதே காட்டுக்குத்தான் திரும்பினார்.

சரி, ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தாரா? ‘டைகர் வாட்ச்’ என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். புலி வேட்டை நடப்பதை அந்த அமைப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மோகியா மக்களுக்குச் செய்ததுதான். பரம்பரையாக வேட்டையாடியே பிழைத்தவர்கள். பிடித்து உள்ளே தள்ளினால் குடும்பம் பட்டினி. அப்புறம் மகனும் துப்பாக்கி தூக்குவான். அதனால் பிள்ளைகளுக்கு விடுதி அமைத்துப் படிக்க வைத்தார்கள். பெண்களுக்குக் கைவினை வேலை கொடுத்தார்கள்.

2011 மார்ச் 1-ல் அவர் காலமானார்.

நம் பக்கமும் ஓய்வு பெற்ற வனவர்கள், வனக்காவலர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தேடிப்போய் அவர்களைப் பற்றியும் எழுதுங்களேன்.

– ஒரு வாசகர், தேனி