ஆறு வயதுப் பிள்ளைகளின் பயிற்சியாளருக்கு

அன்புள்ள மலருக்கு,

கால்பந்துப் பயிற்சியாளர் லைசென்ஸ் தேர்வில் தேறிய பிறகும் ஆறு வயதுப் பிள்ளைகளைத்தான் உன்னிடம் விட்டிருக்கிறார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். அம்மாவுக்கும் அதே வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐஸ்லாந்து கதையைச் சொல்கிறேன், கேள்.

2016 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பையின்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 3,30,000. அவ்வளவு பேரிலிருந்து வந்த அணி நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. நான்காவது நிமிடத்தில் இங்கிலாந்தின் ரூனி பெனால்டியில் கோல் போட்டார். இரண்டே நிமிடத்தில் பதிலடி: ஆரோன் குன்னார்சன் பக்கக் கோட்டிலிருந்து நீளமாக த்ரோ எறிய, காரி அர்னாசன் தலையால் தட்டிவிட, ரக்னார் சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். அதே யூரோவில் ஆஸ்திரியாவுக்கு எதிராக அவர்கள் போட்ட முதல் கோலும் இதே த்ரோவில் பிறந்ததுதான். இது தெரிந்திருந்தும் இங்கிலாந்தால் தடுக்க முடியவில்லை! அந்த வீடியோவைத் தேடிப் பார்.

முன்பெல்லாம் அங்கே பிள்ளைகள் சரளைத் தரையில் ஆடினார்கள். குளிரும் காற்றும் இருட்டும் வருஷத்தில் பாதியைத் தின்றுவிடும். 2000 முதல் முழு மைதானமே உள்ளே அடங்கும் கூடங்களைக் கட்டினார்கள். சரி, கூடம் பணம் இருந்தால் கட்டிவிடலாம். என்னை அசத்தியது வேறு. பயிற்சியாளர்களை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் பி லைசென்ஸ் வரை படிக்க வைத்து, அவர்களைச் சின்னப் பிள்ளைகளிடமே விட்டார்கள். கிளப்புக்கு வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் முறையாகப் படித்து, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்! வேறு பல இடங்களில் அந்த வயதுக்கு யாரோ ஒரு பிள்ளையின் அப்பா விசில் ஊதிக்கொண்டு நிற்பார்.

பலன் வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2011இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவுக்குத் தகுதி பெற்றார்கள். பிறகு இங்கிலாந்தை வீழ்த்திய கில்பி சிகுர்ட்சன், குன்னார்சன் எல்லாம் அந்த அணிதான். 2018இல் உலகக் கோப்பைக்கே போனார்கள். அதுவரை அங்கே ஆடியவற்றில் அதுதான் மிகச் சிறிய நாடு. முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவுடன் 1-1. அப்போதைய பயிற்சியாளர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன் ஒரு பல் மருத்துவர். தன் தீவுக் கிளப்பில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்.

பெரிய பையன்கள் அணியை இந்த வருஷம் கேட்காதே. இந்தப் பிள்ளைகளுடன் இரண்டு மூன்று வருஷம் இரு. அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கான 3ஆம் நம்பர் பந்து போதவில்லை என்றாயே, எத்தனை வேண்டும்? இங்கிருந்தே பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா