வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வலைப்பந்து, உதைபந்து, கபடி கற்பிக்க ஒழுங்கு செய்து தரக் கோரும் மனு

அனுப்புவோர்:
பெற்றோர் சார்பாக,
படுவான்கரை, மட்டக்களப்பு.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மட்டக்களப்பு மேற்கு கல்வி வலயம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளைகளில் ஊடுருவல் விளையாட்டுகளைக் கற்பித்தல் தொடர்பாக

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக இந்த மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கின்றோம். எழுதும் நான் ஒரு தாய். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து அணியில் விங் அட்டாக் இடத்தில், அதாவது கோல் போடுகிறவர்களுக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பவளாக, ஆடியவள். கடந்த ஒன்றரை வருடமாக ஊரிலுள்ள வேறு இரண்டு பெற்றோருடன் சேர்ந்து பின்னேரங்களில் பிள்ளைகளை விளையாட வைத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் நாங்கள் கண்டதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதால்தான் மனு சற்று நீண்டுவிட்டது. பொறுத்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் தரம் 9இல் படிக்கிறாள். வலைப்பந்துத் திடலின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர், கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர் என்று பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். திடலின் படத்தை அடிமட்டம் வைத்து அழகாகக் கீறுவாள். அவளுடைய வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். அவர்களில் அந்தத் திடலுக்குள் இறங்கி ஒரு முழு ஆட்டம் ஆடியவர்கள் ஐந்து பேர்தான், அதுவும் பாடசாலை அணிக்குத் தெரிவானபடியால். மற்ற முப்பது பேருக்கும் விளையாட்டு என்பது முதலாம் தவணையில் வரும் இல்ல விளையாட்டுப் போட்டிதான். அதில் ஓடத் தெரிந்தவன் ஓடுவான், பாயத் தெரிந்தவள் பாய்வாள், ஏனையோர் கூடாரத்தில் இருந்து கைதட்டுவார்கள். இதை எந்த ஆசிரியர் மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பாடவேளை மிகக் குறுகியது. வகுப்பிலிருந்து மைதானத்துக்குப் போய், உடை மாற்றி, வரிசையில் நின்று, திரும்பி வந்து முகம் கழுவுவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. அந்த அவகாசத்தில் ஒருவரால் என்ன கற்பிக்க முடியும்?

இந்த மூன்று விளையாட்டுகளையும் ஏன் குறிப்பாகக் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். கரப்பந்து 1991 முதல் எங்கள் தேசிய விளையாட்டு; அதன்மேல் எங்களுக்கும் விருப்பமுண்டு. ஆனால் அதில் நடுவே வலை இருக்கிறது, எதிரணி எங்கள் பக்கம் வராது. கிரிக்கெட்டில் ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், முறை வரும்வரை காத்திருக்கலாம். வலைப்பந்து, உதைபந்து, கூடைப்பந்து, கபடி போன்றவை வேறு வகை; இவற்றைத்தான் ஊடுருவல் விளையாட்டுகள் என்கிறோம். இவற்றில் எதிரணியின் எல்லைக்குள் நாங்கள் புக வேண்டும், அதே நேரம் எங்கள் எல்லையையும் காக்க வேண்டும். பந்து கைமாறிய அந்தக் கணமே தாக்குகிறவர் காவற்காரர் ஆகிவிடுகிறார். எங்கே போவது, யாருக்குக் கொடுப்பது, யாரை மறிப்பது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் ஓடிக்கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வலைப்பந்தின் விதிகளே பிள்ளையைத் தனியே ஆட விடுவதில்லை. பந்தைப் பிடித்தவர் அதோடு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். திடலின் மூன்று பகுதிகளில் ஒன்றை முழுதாகத் தாண்டி வீசவும் முடியாது. கோல் போடும் உரிமை ஏழு பேரில் கோல் சூட்டருக்கும் கோல் அட்டாக்குக்கும் மட்டுந்தான். 2018இல் இலங்கை வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. அவருடைய திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த உயரத்துக்குப் பந்து போய்ச் சேர, நடுவில் நின்றவர்கள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு ஓடியிருக்க வேண்டும். விங் அட்டாக்காக ஆடியவள் என்பதால் என் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளை ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வாவிக்கு அக்கரையிலுள்ள எழுவான்கரைக்குக் கூட்டிப் போனோம். 31க்கு 4 என்று தோற்றோம். தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று விநாடி தாண்டிவிட்டது என்று நடுவர் திரும்பத் திரும்ப விசில் ஊதியதுதான் மனதை வருத்தியது. பந்தைப் பிடித்த பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மற்ற ஆறு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட வாய் திறந்து கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது வாவியைக் கடக்க அம்பிளாந்துறைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி நின்றோம். சென்டராக ஆடிய பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "பந்து கைக்கு வந்ததும் எனக்கு ஒருத்தரும் தெரியல்ல அன்ரி. முன்னுக்கு நிக்கிறவள் மட்டும்தான் தெரியிறாள்."

அவளுக்கு எறியவும் பிடிக்கவும் நன்றாகத் தெரியும். பார்க்கத்தான் யாரும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை, நான் உட்பட. அதுவரை நானும் இரண்டு வரிசையில் நிறுத்தி எறி, பிடி, எறி, பிடி என்றுதான் பழக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு தேடி வாசித்தபோது தெரிந்தது, இதே குறையை 1982இலேயே இங்கிலாந்தின் லவ்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கர், ரொட் தோர்ப் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள் என்று. நுட்பத்தைத் தனியே பழக்கிவிட்டு ஆட்டத்தைக் கடைசியில் தருவதால் பிள்ளைகள் ஆட்டத்தை விளங்கிக்கொள்வதில்லை. முதலில் சிறிய, எளிதாக்கிய ஆட்டத்தைக் கொடுங்கள், அதற்குள் இப்போது என்ன செய்வது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள், தேவை வரும்போது நுட்பத்தைக் காட்டுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன முறை.

நாங்கள் அறுவடை முடிந்த வயலில் இருபது மீற்றருக்குப் பதினைந்து மீற்றர் அளந்து, நான்கு மூலையிலும் மணல் நிரப்பிய சோடாப் போத்தல் வைத்தோம். உள்ளே நான்கு பேருக்கு எதிராக இரண்டு பேர். பந்தை நிலத்தில் தட்டக்கூடாது, கொடுத்தவர் நின்ற இடத்தில் நிற்கக்கூடாது, ஐந்து பாஸ் தொடர்ந்து போனால் ஒரு புள்ளி. இடையிடையே விசில் ஊதுவேன். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். "இப்ப ஆர் தனிய நிக்கிறா?" என்று கேட்பேன். முதல் கிழமை ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை நான் விசில் ஊதுமுன்பே ஒருத்தி "இஞ்சால எறி கா!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னொன்றும் நடந்தது. ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வரும், எந்த இல்லத்தாரும் பெயர் சேர்க்காத ஒரு பிள்ளை இருக்கிறாள். இந்தக் கட்டத்துக்குள் அவள்தான் வெற்றிடத்தை முதலில் காண்கிறாள். பந்து வரும் முன்பே அங்கே போய் நிற்கிறாள். இன்று அவள் எதிரணி கோல் போடாமல் தடுக்கும் கோல் டிஃபென்ஸ். தன்னோடு நிற்கும் கோல் கீப்பருக்கு "நீ உயரமானவளைப் பிடி, நான் முன்னுக்கு வாறவளைப் பிடிக்கிறன்" என்று வேலை பிரித்துக் கொடுக்கிறாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். நான்கு மாதம் கழித்து அதே அணியோடு மறுபடி ஆடினோம். 19க்கு 14. அப்போதும் தோற்றோம். ஆனால் மூன்று விநாடிக்காக விசில் ஊதியது இரண்டே தடவை.

ஆண் பிள்ளைகளுக்கு உதைபந்தில் இதையேதான் அந்த இரண்டு தகப்பன்மாரும் செய்கிறார்கள். கபடிக்குப் பந்தும் வேண்டாம், கம்பமும் வேண்டாம், செலவே இல்லை. பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. எதிரே கைகோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் அவசரப்பட்டாலும் மற்றவர் வெளியே. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சி நிற்கும்போது பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. அந்த நிலையில் மூன்று சிறுவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வதைத் தாங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். நாங்கள் சின்ன வயதில் நிலவு வெளிச்சத்தில் ஆடிய கிளித்தட்டும் இதே வகைதான். ஒருவர் கோட்டைக் காக்கும் கிளியை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்க, மற்றவர் அடுத்த கோட்டைக் கடப்பார். எங்கள் பிள்ளைகள் அதை மறந்து போனார்கள்.

மட்டக்களப்புக்கு இது புதிய பாதையும் அல்ல. நகரிலுள்ள வெபர் மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே வாழ்ந்து மறைந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் போன்ற துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளோடு வருடக்கணக்காக மைதானத்தில் நின்றதால்தான் கூடைப்பந்து இங்கே வேரூன்றியது. படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் அப்படித் தொடர்ந்து நின்று கற்பிக்க ஆட்கள் வேண்டும்.

பின்னேரப் பயிற்சி போதாதா என்று தாங்கள் கேட்கலாம். போதாது. ஐந்தரை மணிக்குப் பிறகு எங்களால் பிள்ளைகளை மைதானத்தில் வைத்திருக்க முடியாது. யானை வரும் ஊர் இது. ரியூசனுக்குப் போகிறவர்கள் வருவதில்லை. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பாதிப் பேர் வயலில். பெண் பிள்ளைகளைப் பல வீடுகளில் அந்த நேரத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் நேரம் பாடசாலை நேரம் ஒன்றுதான்.

ஆகவே, ஒவ்வொரு வகுப்புக்கும் கிழமையில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளை அடுத்தடுத்து வருமாறு நேரசூசியில் இணைத்து, அந்த இரண்டின் நேரமும் தொடர்ச்சியாகக் கிடைக்கச் செய்யுமாறு முதலாவதாக வேண்டுகிறோம். மற்ற எல்லாவற்றையும் விட இதுவே எங்களுக்கு முக்கியம். அந்த நேரத்தைக் கணிதத்துக்கோ மீட்டலுக்கோ எடுக்காதிருக்கவும் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். உடற்கல்விக்குப் பயிற்சி பெறாமலே அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலய மட்டத்தில், மைதானத்திலேயே வைத்து, சிறு ஆட்டங்கள் மூலம் கற்பிக்கும் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தித் தாருங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியின் புள்ளிகளில் வலைப்பந்து, கபடி ஆட்டங்களையும் சேர்த்து, ஒவ்வொரு இல்லமும் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை இறக்க இடமளித்தால் கூடாரத்தில் இருக்கும் பிள்ளைகளும் மைதானத்துக்கு வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தும் கற்பிக்கப்பட வேண்டும். அவர்கள் கேட்கிறார்கள்.

பொருள் உதவியாக நாங்கள் கேட்பது ஒரு வகுப்பு ஆடப் போதுமான பந்துகள் மட்டுமே. வலைப்பந்துக் கம்பம் இரண்டையும் ஊரிலுள்ள வெல்டிங் கடைக்காரர் கூலி வாங்காமல் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாரிக்கு முன் மைதானத்தின் பள்ளத்தை நிரப்புவதும், சுண்ணாம்பால் கோடு போடுவதும், கரையிலுள்ள முட்புதரை வெட்டுவதும் எங்கள் பொறுப்பு. நாங்கள் மூவரும் உடற்கல்விப் பாடவேளைகளில் ஆசிரியருக்கு உதவியாகத் தொண்டராக வரத் தயாராக இருக்கிறோம். அதற்கு எழுத்து மூல அனுமதி தேவை. என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று சொன்னால் கொண்டுவந்து தருவோம்.

புதன், வெள்ளி பின்னேரம் மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். தாங்களோ, உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களோ ஒரு நாள் வந்து அந்த நான்குக்கு இரண்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இந்த மனு மீது முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பெற்றோர் சார்பாக

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல்

பிரதிகள்:
கோட்டக் கல்விப் பணிப்பாளர்
உதவிக் கல்விப் பணிப்பாளர் (உடற்கல்வி)
பாடசாலை அதிபர்