தாம்சன் பூங்காவின் புதர்களை அப்படியே விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்காவில் பழைய ஹைனான் சீனர் கிராமத்தின் இடிபாடுகள் இருக்கும் பகுதியைப் பற்றி, அங்கு நடக்க வருவோர் சிலர் குறைப்பட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். புதர் மண்டிக் கிடக்கிறது, பகலிலேயே இருட்டாக இருக்கிறது, வேர்கள் சுவர்களைப் பிளக்கின்றன; பாதையை அகலப்படுத்தி, விளக்குகளைப் பொருத்தி, இடிந்த வீடுகளைச் சுத்தம் செய்து வைத்தால் குடும்பத்தோடு வர வசதியாக இருக்குமே என்கிறார்கள். நல்லெண்ணத்தில் எழும் யோசனைதான். ஆனால் அது நிறைவேறிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 50 ஹெக்டர் பரப்புள்ள இப்பூங்கா 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் கிழக்கு ஓரத்தில், அடர்ந்த காட்டுக்கும் நகரத்தின் நெரிசலுக்கும் நடுவே ஓர் இடைவெளியாக இருப்பதுதான் இதன் முதல் வேலை. நாம் நடந்து மகிழ்வதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். 1930களில் இங்கே குடியேறிய ஹைனான் மக்கள் வீடு கட்டி, மரம் நட்டு, அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்தார்கள். ஹான் வாய் தூன் என்பவர் இங்கு உருவாக்கிய ரம்புத்தான் தோட்டம் அந்நாளில் பெயர் பெற்றது. அவர் பீங்கான் கலைப்பொருள்களின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞரும்கூட. 1980களில் ஊர் காலியானது. அதன்பின் அந்த நிலத்தில் நடந்ததை எந்தத் தோட்டக்கலை நிபுணரும் திட்டமிடவில்லை. பறவைகளும் வௌவால்களும் போட்ட எச்சத்திலிருந்து முளைத்த அத்தி இன மரங்கள் சுவர்களைத் தழுவி இறங்கின. சமையலறைத் தளங்களைப் பாசியும் பெரணியும் மூடின. மனிதர் நட்ட பழமரங்களுக்கு இடையே காட்டு மரங்கள் தலைதூக்கின.

இடிபாடுகளும் அத்தி மரங்களும் நிறைந்த அந்தப் பாதையில் நிதானமாக நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சிமெண்டுப் படிக்கட்டு ஒன்று மேலேறிச் செல்கிறது. ஏறி முடிக்கும் இடத்தில் வீடு இல்லை, நம் கையளவு தடித்த வேர்கள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. முழங்கால் உயரத்துக்கு மட்டும் மிஞ்சிய சுவரின் விரிசலுக்குள் அரணை ஓடி மறைகிறது. மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் இலைகளிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கொசுக்கடியும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இங்கே ஒரு மணி நேரத்தைச் செலவிடுபவருக்குப் பழைய ஊர் எப்படிக் காடாக மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். அந்த மாற்றத்தைப் பாதியில் நிறுத்தி, வேர்களை வெட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசினால் நமக்குக் கிடைப்பது இன்னொரு நகர்ப்புறப் பூங்கா மட்டுமே. அப்படிப்பட்ட பூங்காக்களுக்கு இத்தீவில் பஞ்சமில்லை.

அழகு மட்டுமே காரணமாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்தமாக எழுதமாட்டேன். ராஃபிள்ஸ் பட்டை மந்தி என்ற கருநிற மந்தி இந்தப் பகுதியில் வாழ்கிறது. 1838ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டே அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனம், இன்று தீவு முழுவதிலும் எண்ணினால் நூறைக்கூடத் தொடாது. புக்கிட் தீமா வனப்பகுதியில் எஞ்சியிருந்த கடைசி மந்தி 1987இல் நாய்களால் கொல்லப்பட்டது. இலையையும் காயையும் விதையையும் தின்று மரத்துக்கு மரம் தாவியே வாழும் இந்த மந்திக்குக் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதுதான் சாலை. நாம் அகலப்படுத்தக் கேட்கும் ஒவ்வொரு மீட்டரும் அந்தச் சாலையில் விழும் பள்ளம். தரையில் திரியும் அழுங்கு எனும் எறும்புத்தின்னியும் சருகுமானும் தப்பிக்கலாமே என்றால், அழுங்கு மரமும் ஏறும், தரையிலும் திரியும். இரவில் நடமாடும் அதற்கு விளக்கு வெளிச்சம் உதவப்போவதில்லை.

இதில் அதிகாரிகள் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்று சொல்லத்தான் வேண்டும். பூங்காவை ஒட்டிச் செல்லும் ஓல்டு அப்பர் தாம்சன் சாலையில்தான் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயக் கார்கள் சீறிப் பாய்ந்தன. அதே சாலை இரண்டு தடங்களிலிருந்து ஒரே தடமாகக் குறுக்கப்பட்டது; மந்திகள் கடப்பதற்கு அதன் மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. வேகத்துக்குப் பெயர் போன ஒரு சாலையையே விலங்குகளுக்காகக் குறுக்க முடிந்த நாட்டில், ஒரு நடைபாதையை அகலப்படுத்தச் சொல்லி நாம் மனுப் போடுவது பொருத்தமாக இல்லை.

பாதுகாப்பைப் பற்றிய கவலையை நான் புறந்தள்ளவில்லை. உளுத்துப்போன மரங்களை அவ்வப்போது சோதித்து அகற்றுவதும், வழுக்கும் படிகளை அடைத்து வைப்பதும் தேவையே. முதியவர்களுக்கு நுழைவாயில் பக்கத்தில் இன்னும் சில இருக்கைகள் போடலாம்.

மற்றபடி மாற வேண்டியவர்கள் வருகையாளர்களாகிய நாம்தான். வார இறுதிகளில் ஒலிபெருக்கியில் பழைய திரைப்பாடல்களை அலறவிட்டபடி நடப்போரையும், குரங்குகளுக்கு ரொட்டித் துண்டு நீட்டுவோரையும் காண்கிறேன். (பாடல்கள் எனக்கும் பிடித்தவைதான், இடம் அதுவல்ல.) வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் உண்டு. தின்பண்டத்துக்குப் பழகிய நீண்டவால் குரங்குகள் சாலையோரத்தில் காத்து நின்று வாகனத்தில் அடிபடுகின்றன என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களும், சாலையோரம் நின்று கார்ப் பந்தயம் பார்த்தவர்களும், கிராமத்திலிருந்து ரம்புத்தான் வாங்கி வந்தவர்களும் நம் தமிழ் வாசகர்களிடையே நிச்சயம் இருப்பார்கள். 1973இல் பள்ளி மாணவராக இருந்தவருக்கு இன்று வயது அறுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். வீடுகளைச் செப்பனிட்டு மீட்க முடியாத அந்த ஊரை, அவர்களுடைய நினைவுகளை இப்போதே கேட்டு வாங்கி வெளியிடுவதன் மூலம் ஓரளவு பதிவு செய்யலாம். வாரம் ஒரு பத்தி ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்