ஸ்கிரீனை மட்டும் விற்காதீர்கள் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்டுடியோவை மூடி, போட்டோவுக்குப் பின்னால் தொங்கவிடும் ஸ்கிரீன் துணியையும் விற்றுவிடலாமா என்று கேட்ட உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். நான் நன்றாக இருக்கிறேன். லண்டனில், இந்த ஈஸ்ட் ஹாமில் குளிர்தான் விடவில்லை, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் கல்யாண போட்டோ ஆர்டர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மேல் வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டி தினமும் கதவைத் தட்டி, தம்பி சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார். போன வாரம் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு கொடுத்தார். ருசிதான், ஆனால் நம் துறைமுகத்துச் சங்கராவும் அம்மா கரைக்கிற புளியும் வேறு.

லீவு நாளில் டிராஃபல்கர் சதுக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்குப் போய்விடுவேன். டிக்கெட் கிடையாது, உள்ளே கதகதப்பாக இருக்கும். அங்கே கடையில் செசில் பீட்டன் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை நின்றபடியே இரண்டு ஞாயிறு படித்தேன். அவரும் நம்மைப் போல போட்டோகிராபர், அதனால் உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும். 1904-இல் லண்டனில் பிறந்தவர், அப்பா மர வியாபாரி. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாதான் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். தங்கைகளை நிற்கவைத்து, பின்னால் ஜிகினாத்தாளையும் துணியையும் தொங்கவிட்டு எடுத்து எடுத்தே, சீமான் வீட்டுப் பெண்கள் தேடிவரும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். 1938-இல் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகைக்கு வரைந்த படத்தில் யூதர்களை இழிவாகப் பொடி எழுத்தில் எழுதி வேலையை இழந்தார், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் 1940-இல் குண்டுவீச்சில் அடிபட்ட மூன்று வயதுக் குழந்தையை எடுத்திருக்கிறார், தலையில் கட்டு, கையில் பொம்மை, ஆஸ்பத்திரிக் கட்டில். அந்தப் பக்கத்தைத் திருப்பவே மனசு வரவில்லை.

1953 ஜூன் 2 அன்று எலிசபெத் ராணி முடிசூடியபோது பீட்டன் எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் தெரிகிற வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் நிஜமில்லை அப்பா! எடுத்தது பக்கிங்ஹாம் அரண்மனைக்குள், அபே வெறும் ஸ்கிரீன். எனக்கு உடனே நம் ஸ்டுடியோ ஸ்கிரீன் கண்ணில் வந்து நின்றது. மாடிப்படியும் மயிலும் வரைந்த துணி, 2011 தானே புயலில் நனைந்து, நாம் இரண்டு பேரும் மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்தோமே. வலது மூலைக் கிழிசலை அம்மா நீல நூலால் தைத்தார். அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் யார் வீட்டுக் குடும்ப போட்டோவைப் பார்த்தாலும் நான் அந்த நீல நூலைத்தான் தேடுவேன். வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது அப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் எழுத்து கோணிக்கோணிப் போகிறது. வலது கை இன்னும் சரியாகவில்லை என்று அம்மா போனில் சொல்லவில்லை, அக்காதான் சொன்னாள். பீட்டனுக்கும் 1974-இல் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் எழுதப் பழகி, மறுபடியும் கேமராவை எடுத்தார். நீங்கள் ஒரு நாள்கூட விடாமல் பிசியோதெரபிக்குப் போங்கள், மாமா வண்டியில் கூட்டிப்போவார், பேசிவிட்டேன். கடை அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வேண்டாம், சித்திரை வரைக்கும் வாடகையை நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும், அம்மாவிடம் சொல்லாதீர்கள். பாண்டி ஓட்டல்காரர் எவ்வளவு கொடுத்தாலும் ஸ்கிரீனைக் கொடுக்காதீர்கள். சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்பக்கமாகச் சுருட்டினால் பெயிண்ட் வெடித்துவிடும். பரண்மேல் வேண்டாம், அங்கே ஒழுகும்.

உங்கள் மகன்