டி.என்.எஃப்.-ஐ முழுதாக அடைக்காதே

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. எலிகளில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் போன்ற நோயை வரவழைத்து மருந்து சோதிக்கும் உன் திட்டத்துக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் அழற்சியைத் தூண்டும் புரதமான டி.என்.எஃப். பற்றி "டி.என்.எஃப்.-ஐ மொத்தமாக அடைத்துவிட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கே கொஞ்சம் நில்.

டி.என்.எஃப்.-ஐ அடைக்கும் லெனர்செப்ட் என்ற மருந்து எலிகளில் நன்றாகத்தான் வேலை செய்தது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (நரம்பு உறை சிதையும் நோய்) வந்த 168 பேரிடம் சோதித்தபோது கதை தலைகீழானது. மருந்து பெற்றவர்களை நோய் அடிக்கடியும் முன்கூட்டியும் தாக்கியது. அந்த முடிவு 1999-இல் வெளிவந்தது. செல்லிலிருந்து வெட்டுண்டு மிதக்கும் டி.என்.எஃப். செல்களில் உள்ள அதன் முதல் ஏற்பியைப் பிடித்து அழற்சியை மூட்டுகிறது. செல் சவ்விலேயே ஒட்டியிருப்பது இரண்டாம் ஏற்பியையும் தூண்டும். மையலினை (நரம்பு உறையை) திரும்பக் கட்டும் இளம் செல்கள் பெருக அந்த இரண்டாம் ஏற்பி வேண்டும் என்று 2001-லேயே, மையலினை அழிக்கும் குப்ரிசோன் நஞ்சு கொடுத்த எலிகளில் காட்டிவிட்டார்கள். எடனர்செப்ட் மருந்து டி.என்.எஃப்.-இன் இரண்டு வடிவத்தையும் அடைக்கும். எக்ஸ்ப்ரோ1595 மிதப்பதை மட்டும் அடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய். ஒன்றை மட்டும் செய்தால் உன் முடிவுக்கு அர்த்தமே இருக்காது.

இனி கைவேலை. நோயை வரவழைக்க எம்.ஓ.ஜி. 35-55 பெப்டைடு (மையலின் புரதத் துண்டு) எலிக்கு 200 மைக்ரோகிராம், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி கலந்த, நோயெதிர்ப்பைத் தூண்டும் முழு ஃப்ராய்ண்ட் எண்ணெயோடு சம அளவில். பெர்டுசிஸ் (கக்குவான் இருமல் கிருமி) நச்சு 200 நானோகிராம், முதல் நாளும் இரண்டு நாள் கழித்தும். நச்சின் வீரியம் தொகுதிக்குத் தொகுதி மாறும், சிறு குழுவில் அளவு பார்த்துக்கொள். பாதிப் பேரின் சோதனை கெடுவது எமல்ஷனில்தான், அதாவது பெப்டைடு கரைசலையும் எண்ணெயையும் அடித்துச் சேர்க்கும் கலவையில். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடு: வெண்முத்தாக அப்படியே மிதந்தால் சரி, கலங்கிப் பரவினால் இன்னும் அடி. பரவும் கலவையை ஊசி போட்டால் பாதி எலிகளுக்கு நோயே வராது, அதை மருந்தின் பலன் என்று நம்பிவிடுவாய்.

ஒன்பதாம் நாளிலிருந்து தினமும் எடை பார். எடை இறங்கினால் பெரும்பாலும் அடுத்து வால் துவளும். வாலடியைப் பிடித்துத் தூக்கும்போது நல்ல எலியின் வால் விறைத்துச் சுழலும், நோயுற்றதன் வால் நனைந்த நூலாய்த் தொங்கும். மருந்தைக் காலண்டர் பார்த்துத் தொடங்காதே. ஒவ்வொரு எலிக்கும் அதன் வால் துவண்ட நாளிலிருந்து தொடங்கு. நோயின் கடுமைக்கு மதிப்பெண் போடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. பின்கால் விழுந்தவற்றுக்குத் தீவனத்தை நனைத்துத் தரையிலேயே வை, எட்டாமல் பட்டினி கிடக்கும்.

உள்ளே புகுந்த நோயெதிர்ப்புச் செல்களை எண்ண முதுகுத்தண்டுவடத்தை எடுக்குமுன் குளிர்ந்த உப்புக்கரைசலால் ரத்தத்தைக் கழுவிவிடு, இல்லாவிட்டால் ரத்த அணுக்களையும் சேர்த்து எண்ணுவாய்.

இன்னொன்று. உன் கருப்பெலிகளுக்கு நோய் பொதுவாக ஒரே முறை வந்து நிலைத்துவிடும். லெனர்செப்ட் கெடுத்தது மறுதாக்குதலைத்தானே? அதைப் பார்க்க எஸ்.ஜே.எல். என்ற எலி இனமும் பி.எல்.பி. 139-151 என்ற இன்னொரு மையலின் பெப்டைடும் வேண்டும். இப்போதே ஆர்டர் போட்டுவிடு.

அன்புடன்,
ரவி